இன்னும் ஒரு கடை

பெரிய மாமா எந்தப் பொருளையும் நேராகப் பார்த்ததில்லை. கையில் எடுத்ததும் முதலில் கவிழ்ப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்துகளை ஒன்றுவிடாமல் படிப்பார். அதற்குப் பிறகுதான் மேல்பக்கத்துக்கு வருவார். மிக்சி, அயர்ன் பாக்ஸ், டார்ச் லைட் எல்லாமே அவருக்கு அடியிலிருந்துதான் ஆரம்பம். சின்னம்மா மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, சர்பத் குடித்து முடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் படித்தார். படித்துவிட்டு, "இத விட நல்ல கண்ணாடி இதே வெலைக்குக் கெடைக்குது" என்று மாப்பிள்ளையைப் பெற்ற அத்தாவிடமே சொன்னார். அந்த மனிதர் டம்ளர் வாடகைக்கு எடுத்தது என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

அவர் அம்மாவின் மூத்த அண்ணன். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் வீடு. நாங்கள் கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்பக்கத் தெருவில். என்னைப் பெற்ற அத்தா கலெக்டர் ஆபீசில் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படி தாண்டிய ஒவ்வொரு பொருளும் பெரிய மாமாவின் கையில் ஒருமுறை கவிழ்ந்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. அம்மாவே கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினால்கூட அடுத்த முறை மாமா வரும்போது அவர் கண்ணில் படாமல் அதை முற்றத்திலிருந்து எடுத்துக் கொல்லைப்பக்கம் ஒளித்து வைப்பார்.

"இன்னும் ஒரு கடை பாத்துடுவோம்." இதுதான் அவருடைய வாக்கியம். எந்தக் கடைக்குப் போனாலும், எவ்வளவு நல்ல பொருளைக் காட்டினாலும், கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறக்கிற நேரத்தில் இதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். எங்கள் வீட்டு மிக்சி இப்படித்தான் ஒரு ரம்ஜான் நோன்பில் பேச ஆரம்பித்து அடுத்த நோன்புக்கு வந்து சேர்ந்தது. நடுவில் இருந்த மாதங்கள் முழுக்க அம்மா அம்மியில் அரைத்தார். தோள்வலி வந்தது அந்த வருடம்தான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த மிக்சி இன்றுவரை ஓடுகிறது. அதை ஓட்டும்போதெல்லாம் அம்மா, "எங்கண்ணன் பாத்து வாங்குனது" என்பார். தோள்வலியை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதில் மாமாவுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. எந்தக் கடையிலும் கமிஷன் வாங்கியவர் இல்லை. பஸ்ஸுக்குக் கூடத் தன் காசுதான். டீ குடித்தால் நமக்கும் சேர்த்து அவர்தான் கொடுப்பார். அதனால் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொல்ல முடியாத மனிதர்களால் வருகிற கெடுதலைத்தான் எங்கே போய்ச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

துபாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் இளமை முழுக்க நின்றிருக்கிறார். நின்றிருக்கிறார் என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். அந்தக் கடையில் வேலையாட்கள் உட்காரக்கூடாதாம். வருகிறவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவதும், பெட்டியைப் பிரித்துக் காட்டுவதும், அவர்கள் வாங்காமல் போனால் மறுபடி அதேபோல் மடித்து வைப்பதும்தான் வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் கடைக்குள் நுழைந்தால் "வாங்க பாய், உக்காருங்க பாய்" என்று நாற்காலி போட்டார்கள். அதில் அவர் உட்காரும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அவசரமே இருக்காது. முதுகை நன்றாகச் சாய்த்து, ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு, கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். "கடக்காரன் சொல்றதுல பாதி பொய். எந்தப் பாதின்னு எனக்குத் தெரியும். நானே சொன்னதுதானே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கொரோனா அடங்கிய வருடம் எனக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி, போனிலேயே தேர்வு வைத்து எடுத்தார்கள். வீட்டிலிருந்தே வேலை. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு அப்போது வீட்டில் தொடங்கியிருந்தது. வேலையில் உட்கார்ந்துவிட்டால் அதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட அம்மா சம்மதித்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை, லேப்டாப் நம்முடையதாக இருக்க வேண்டும். எவ்வளவு மெமரி, என்ன மாதிரி டிஸ்க் என்று மெயிலில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் பயிற்சி ஆரம்பம்.

முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கியாக வேண்டும். அம்மாவால் முடிந்தது அவ்வளவுதான். அந்த விலைக்குள் மூன்று கம்பெனி லேப்டாப்புகள் இருந்தன. என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். போனில் ஆர்டர் போட்டிருந்தால் அந்த வாரமே வீட்டுக்கு வந்திருக்கும். நான் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். "மாமாவக் கேக்காம வாங்குனா அவுரு மனசு என்னா பாடுபடும்" என்றார் அம்மா. அந்தப் பேச்சோடு லேப்டாப் என் கையை விட்டுப் போய்விட்டது.

மாமா கம்பெனிப் பெயர்களைச் சொல்லமாட்டார். அமெரிக்காக்காரன், தைவான்காரன், சீனாக்காரன் என்பார். மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி, தினமும் போன் செய்து ஒவ்வொருவரின் குறை நிறைகளைச் சொல்வார். "அமெரிக்காக்காரன் பேரு நல்லாருக்கு, ஆனா கீலு வீக்கு. தைவான்காரன் உள்ள நல்லா வச்சிருக்கான், சூடாவுது. சீனாக்காரன் கொடுக்குறது ஜாஸ்தி, அதான் சந்தேகமா இருக்குது."

சிதம்பரத்தில் நாலு வீதியும் ஏறி இறங்கினார். பிறகு கடலூருக்கு பஸ் ஏறி வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் கடைகளுக்குப் போனார். ஒவ்வொரு கடையிலும் நாற்காலி, டீ, கவிழ்த்துப் பார்த்தல். மூடியைத் திறந்து திறந்து மூடி, கீலின் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்பார். பக்கத்தில் நான் பையை அணைத்தபடி நிற்பேன். வேலை எனக்கு, லேப்டாப் எனக்கு, ஆனால் எந்தக் கடைக்காரரும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதாக நினைவில்லை. ஒரு கடையில் மூன்றாம் முறை போனபோது அந்தப் பையன், "போன வாரமும் இதத்தான பாய் பாத்தீங்க, எடுத்துக்கங்க" என்றான். "பாத்தேன். இப்ப மறுபடி பாக்குறேன்" என்றார் மாமா. கொஞ்சமும் கோபமில்லாமல்.

அன்றைக்கு வெளியே வந்ததும் நான் சொல்லிவிட்டேன். மூன்றும் ஒன்றுதான் மாமா, எதையாவது வாங்கிவிடலாம், பயிற்சிக்கு நாளாகிவிட்டது என்று.

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "எதையாவது வாங்குறதுக்கு நான் எதுக்குமா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு பையை அணைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தேன். அதுதான் அவருடைய பலம். கடைசியில் தைவான்காரன் என்று முடிவாகி, பணத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிய காலையில் மாமா போன் செய்தார். சார்ஜாவிலிருந்து அவருடைய மச்சான் மகன் ஊருக்கு வருகிறானாம். அங்கே இதே பொருள் விலை குறைவாம். அங்கே விற்பது ஒரிஜினல், இங்கே வருவது இரண்டாம் தரம் என்பது அவருக்கு உறுதியாகத் தெரியுமாம். பயிற்சி ஆரம்பித்தால் என்ன, ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் கம்பெனி இடிந்துவிடாது என்றார். எங்கள் பக்கம் இது புதிதில்லை. யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அவர் பெட்டியில் பாதி அடுத்தவர் வீட்டுச் சாமான்தான் இருக்கும். மச்சான் மகன் சொன்ன வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் லீவு கிடைக்கவில்லை.

லேப்டாப் வந்து சேர்ந்தபோது கம்பெனியில் பயிற்சி பாதி முடிந்திருந்தது. போனில் பேசிய பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். உங்கள் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது கூப்பிடுகிறோம் என்றாள். கூப்பிடவில்லை.

பெட்டியைப் பிரித்தோம். சார்ஜர் பிளக்கில் மூன்று தடித்த சதுரக் கால்கள். எங்கள் வீட்டு எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அரபி எழுத்து. வாரண்டி அந்த நாட்டுக்குள் மட்டும்தான் என்று அடியில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கவிழ்த்துப் படிக்கிற மாமா, வந்த பொருளையும் கவிழ்த்துப் படித்தார். படித்துவிட்டு நேராக வைத்தார். பிறகு, "கீலு பாரு, எவ்வளவு கெட்டியா இருக்கு" என்றார்.

அம்மாவுக்கு அந்த எழுத்துகளைப் பார்த்ததும் பயபக்தி வந்துவிட்டது. "குர்ஆன் எழுத்து இருக்கு, தரையில வைக்காத. கால்மாட்டுல வைக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை போனதைப் பற்றி நான் அழுதபோது, "ஒனக்காக மாமா எவ்வளவு அலைஞ்சாரு, அதையாவது நெனச்சுப் பாரு" என்றார். நான் நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க எரிச்சல்தான் வந்தது.

வேலை இல்லை என்றானதும் மாப்பிள்ளைப் பேச்சு வீட்டுக்குள் மறுபடி வந்து உட்கார்ந்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு குடும்பம், ஹார்டுவேர் கடை. துபாயில் மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவருடைய தம்பி மகன். மாமாவும் அந்த மனிதரும் வருடக்கணக்கில் ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள். மாமா ஒரு காலையில் அங்கே போனார். பகல் சாப்பாடு அவர்கள் வீட்டில். சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் உள்ளறையில் கதவை ஒட்டி நின்றிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமே இல்லை. மிக்சிக்கு ஒரு வருடம், லேப்டாப்புக்கு மாதக்கணக்கு என்று பார்த்தவர், மாப்பிள்ளைக்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வார் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டுகூட இருந்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வாக்கியத்துக்காக ஆசையோடு காத்திருந்தேன். அதற்குள் இன்னொரு கம்பெனி பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"முடிச்சிடுவோம்" என்றார் மாமா.

அம்மாவுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமாவின் குரல் மாறிவிட்டது. "தெரிஞ்ச எடத்துல போயி விசாரிக்கிறது அவுங்கள அசிங்கப்படுத்துறதுமா. நாளைக்கு அவுங்க காதுக்குப் போனா நான் எப்புடி அவுங்க மூஞ்சியில முழிப்பேன்?"

அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்குக் கடைக்காரன் அந்நியன், அவனைச் சந்தேகப்படலாம். ஒரு சஹனில் சாப்பிட்டவனைச் சந்தேகப்படக்கூடாது. டம்ளரைக் கூடக் கவிழ்த்துப் பார்த்த மனிதர், அந்தப் பையனை மட்டும் கவிழ்க்காமலே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அவன் கைநீட்டுகிறவன் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். கடையில் வேலைக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் நிற்பதில்லை. பெற்ற தாயைப் பிடித்துத் தள்ளி, அந்த அம்மாவுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டது ஊரறிந்த கதை. எனக்குத்தான் கல்யாணமான பிறகு தெரிந்தது. அந்தக் கதைகளை இங்கே நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். யாருக்கு மெயில் போடுகிறாய் என்று கேட்டு முகத்தில் அறைந்துவிட்டு, லேப்டாப்பைப் பிடுங்கித் தரையில் அடித்தான். உதட்டில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் முதலில் குனிந்து லேப்டாப்பைத்தான் எடுத்து மேசையில் வைத்தேன். எழுத்து தரையில் கிடக்கிறதே என்று கை தானாகப் போனது. திரை நொறுங்கியிருந்தது. மாமா சொன்னது சரிதான், கீலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பெரியவர்கள் மாமா வீட்டில் வைத்துப் பேசினார்கள். மாமா என் எதிரே உட்கார்ந்து, ரொம்ப அன்பாக, கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்கிற அதே பொறுமையோடு எனக்கும் எடுத்துச் சொன்னார். "நாலு வீட்ட ஒப்பிட்டுப் பாரும்மா. குடி கெடையாது. சொந்த வீடு, சொந்தக் கடை. மத்த பொண்ணுங்களுக்கு இது கூட அமையல. கோவம் மட்டும்தான் கொஞ்சம் ஜாஸ்தி." குறைகளையும் நிறைகளையும் அவர் அடுக்கி வைத்தபோது, அமெரிக்காக்காரனும் தைவான்காரனும் நினைவுக்கு வந்தார்கள். நான் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு ஜமாஅத்தில் பேசி, பிரிந்து வந்தேன். அந்த உடைந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்காரனிடம் போட அம்மாவுக்கு மனமில்லை. எழுத்து இருக்கிறதே. துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்திருக்கிறார்.

போன வருடம் மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது. இந்த முறை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஏறி, இறங்கிய இடத்தில் எதிரே இருந்த கடைக்குள் போனேன். அதே மூன்று கம்பெனி. முதலில் காட்டியதை எடுத்துக்கொண்டேன். வேறு மாடல் பார்க்கவில்லையா மேடம் என்று கடைப்பையன்தான் கவலைப்பட்டான். டீ வருவதற்குள் பில் போட்டாகிவிட்டது. அன்று மாலையே வேலையில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு மாமா வந்தார். மூச்சு வாங்கியது, ஆள் பாதியாகியிருந்தார். அந்த ரெக்சின் பை மட்டும் அப்படியே இருந்தது. உட்கார்ந்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன். கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். விலை கேட்டார். சொன்னேன்.

"ஜாஸ்தி குடுத்துட்ட. இன்னும் ஒரு கடை பாத்துருக்கலாமேம்மா."

இத்தனை வருடம் அவரைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசாதவள் நான். குரலை உயர்த்தவில்லை.

"சேத்தியாத்தோப்புலேர்ந்து வந்த அன்னிக்கு அதச் சொல்லியிருக்கலாமே மாமா."

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. மாமா மடியில் கவிழ்ந்திருந்த லேப்டாப்பை நிமிர்த்தி, மூடி, தன் விரல் பட்ட இடங்களைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். துபாய்க் கடையில் வாங்காமல் போகிறவர்களிடமிருந்து பொருளைத் திரும்ப வாங்கி இப்படித்தான் துடைத்து வைத்திருப்பார் என்று தோன்றியது. அம்மா கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அன்று இரவு அம்மா என்னோடு பேசவில்லை. பெரிய மனுஷரைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா என்று மறுநாள் திட்டினார். கேட்கலாம் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் மாமா இறந்துவிட்டார். ஊரே வந்து அழுதது. அவர் பார்த்து வாங்கிக் கொடுத்த ஃபேன், கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அழுகை எனக்கும் வந்தது. அதோடு கோபமும் அப்படியே இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்று இடம்விடவில்லை.

மாமி வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய்ப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்துபோன மறு வாரம், மூச்சு வாங்குகிற அந்த உடம்போடு, மாமா காலையில் சொல்லாமல் கிளம்பிச் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில் இறங்கி, அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். எல்லாம் முடிந்து போன பிறகு.

"மத்தியானமே திரும்பி வந்துட்டாரு. வெயில்ல எத்தன கடை ஏறி எறங்குனீங்கன்னு திட்டுனேன்" என்றார் மாமி. "சாப்பிட வைக்கையில தட்டத் தள்ளி வச்சுட்டு சொன்னாரு, மொதக் கடையிலயே சொல்லிட்டாங்கன்னு."